நிலையமா, நதிக்கரையா?

நம் சங்கத்து உறுப்பினர்களில் ஐம்பதைத் தாண்டியவர்களைக் கணக்கெடுத்தால், பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். பேரன் பிறந்திருக்கிறான், பட்டமளிப்பு விழா, புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம் என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக நாமும் ஒரு முறையாவது விமானம் ஏறிவிடுகிறோம். போன இடத்தில் பிள்ளைகள் ஆசையாக, "அப்பா, உங்க ரெண்டு பேரையும் ஒரு பெரிய ஓட்டல்ல தங்க வைக்கணும். இதுவா, அதுவா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்பார்கள். நாமும் வழக்கமான பதிலைச் சொல்வோம்: "எதுவானாலும் சரிம்மா. உங்களுக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்யுங்க."

கேட்பதற்குப் பணிவான பதில்தான். ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொடுக்கிறவர்கள் பணத்தையும் கொடுத்து, நம் மனதில் இருப்பதையும் அவர்களே ஊகிக்க வேண்டும் என்று விட்டுவிடுகிறோம். அவர்கள் ஊகித்தது சரியில்லை என்றால் ஊர் திரும்பிய பிறகு, "அவ்வளவு செலவு பண்ணினான், ஆனா..." என்று இழுக்கிறோம். கேட்ட கேள்விக்கு யோசித்து ஒரு நேரான பதில் சொல்வதே கொடுத்தவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். எப்படி யோசிப்பது என்பதற்கு என் வீட்டு விவகாரத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

என் பெண்ணும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் இருக்கிறார்கள். வரும் மே மாதம் எங்களுக்குத் திருமணமாகி முப்பத்தைந்து வருஷம் நிறைகிறது. அதற்குப் பரிசாக லண்டனில் இரண்டு இரவு. மாப்பிள்ளை இரண்டு பெயர்களை எழுதி அனுப்பியிருந்தார். ஒன்று, செயின்ட் பேங்க்ராஸ் ரயில் நிலையத்தின் முகப்பிலேயே இருக்கும் ஓட்டல். மற்றொன்று, தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் சவாய். இரண்டுமே ஐந்து நட்சத்திரம். எதை எடுத்தாலும் ஒரு இரவு வாடகை, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் வாங்கிய மொத்தச் சம்பளத்தைவிட அதிகம். இவ்வளவு பெரிய தொகையை, "எதுவானாலும் சரி" என்று சொல்லி எப்படிச் செலவழிப்பது?

என் ஓட்டு முதலில் எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. டிப்ளமா முடித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளத்தையும் பாலத்தையும் பார்த்தே முப்பத்தாறு வருஷம் ஓட்டியவன் நான். லெஸ்டர் போக வேண்டுமென்றால் செயின்ட் பேங்க்ராஸில்தான் ரயில் ஏற வேண்டும். ஆகவே முன்பு இரண்டு முறை போனபோதும் அந்த ஸ்டேஷனை ஆசை தீரப் பார்த்திருக்கிறேன்.

அது 1868-இல் மிட்லண்ட் ரயில்வே கம்பெனி திறந்த ஸ்டேஷன். என்ஜினீயர் வில்லியம் ஹென்றி பார்லோ. பிளாட்ஃபாரங்களுக்கு மேல் அவர் போட்ட இரும்புக் கூரை ஒரே வளைவு. நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. அகலம் ஏறத்தாழ 240 அடி, நீளம் 689 அடி. திறந்த காலத்தில் உலகத்திலேயே இவ்வளவு அகலத்தைத் தூணில்லாமல் ஒரே வளைவில் மூடிய கூரை வேறு இல்லை. வளைவு என்றால் அதன் இரண்டு கால்களும் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். வில்லை நாண் இழுத்துப் பிடிப்பது போல் எதையாவது கொண்டு அதைப் பிடித்து வைக்க வேண்டும். பல பழைய ஸ்டேஷன்களில் அந்த நாண், கூரைக்குக் கீழே கம்பிகளாகக் குறுக்கே ஓடுவதைப் பார்க்கலாம். பார்லோ அதைத் தரைக்கு அடியில் கொண்டுபோய்விட்டார். பிளாட்ஃபாரத்தைத் தாங்கும் கர்டர்களே அங்கே நாண். அண்ணாந்து பார்த்தால் வளைவு மட்டும்தான் கண்ணில் படும்.

அப்படிச் செய்ய முடிந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. ரயில் பாதை ரீஜென்ட் கால்வாயைத் தாண்டி வர வேண்டியிருந்ததால், ஸ்டேஷன் தளமே தெருவைவிட உயரத்தில் அமைந்தது. அடியில் பெரிய நிலவறை ஒன்று கிடைத்தது. பர்ட்டன் நகரத்திலிருந்து ரயிலில் வரும் பீர் பீப்பாய்களை அங்கே அடுக்கினார்கள். அந்த நிலவறைத் தூண்களின் இடைவெளியையே பீப்பாய்க் கணக்கில்தான் வைத்தார்கள். 2007-ஆம் வருஷம் நவம்பர் மாதம் முதல் பாரிஸ் செல்லும் யூரோஸ்டார் ரயில் இங்கிருந்து கிளம்புகிறது. அதற்காகப் பயணிகள் காத்திருப்பது அந்தப் பழைய பீப்பாய்க் கிடங்கில்தான்.

இந்த ஸ்டேஷனுக்கு முகப்பாக நிற்பதுதான் ஓட்டல். சர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வரைந்தது. 1873-இல் மிட்லண்ட் கிராண்ட் என்ற பெயரில் திறந்தார்கள். சிவப்புச் செங்கல், கூர்மாடங்கள், மணிக்கூண்டு. நம் மும்பைக்காரர்கள் யார் போய் நின்றாலும் எங்கோ பார்த்த ஞாபகம் வரும். மும்பைப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு மண்டபத்தையும் ராஜாபாய் கோபுரத்தையும் வரைந்தவர் இதே ஸ்காட்தான். இந்தியாவுக்கு வராமலே லண்டனிலிருந்து வரைபடம் அனுப்பினார். நம் வி.டி. ஸ்டேஷனை, அதாவது இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸை, எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் 1878-இல் தொடங்கிப் பத்து வருஷத்தில் கட்டி முடித்தார். அதில் செயின்ட் பேங்க்ராஸின் சாயல் இருக்கிறது என்று கட்டடக் கலை அறிந்தவர்கள் சொல்வதுண்டு. வி.டி.யில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கியவன், அதன் அண்ணன் வீட்டில் இரண்டு இரவு தங்க ஆசைப்படுவது குற்றமா?

ஆனால் அழகான கட்டடம் என்பதும் நல்ல ஓட்டல் என்பதும் ஒன்றல்ல. இதற்குச் செயின்ட் பேங்க்ராஸின் சரித்திரமே சாட்சி.

மிட்லண்ட் கிராண்ட் திறந்தபோது அதில் சுமார் 300 அறைகள். இரட்டை மாடிப்படி, நீராற்றலில் ஓடும் லிஃப்ட், தங்க முலாம் பூசிய சுவர் எல்லாம் இருந்தன. அறையோடு சேர்ந்த குளியலறை மட்டும் இல்லை. பொதுக் குளியலறைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். குளிர் காய ஒவ்வொரு அறையிலும் கணப்பு. அதற்கு வேண்டிய கரியையும், குளிக்க வெந்நீரையும் வேலையாட்கள் சுமந்து வந்தார்கள். சாம்பலையும் அழுக்குத் தண்ணீரையும் சுமந்து இறங்கினார்கள். காலம் மாறியபோது குழாய் போடலாம் என்று பார்த்தால், தீக்குப் பயந்து கனமாகப் போட்ட தளங்களைத் துளைப்பது பெருஞ்செலவாக இருந்தது. உறுதியாகக் கட்டியதே பிற்பாடு இடைஞ்சலாயிற்று. 1935-இல் ஓட்டலை மூடிவிட்டார்கள்.

அதன்பின் அது ரயில்வே ஆபீஸாகக் காலந்தள்ளியது. 1960-களில் இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. கவிஞர் ஜான் பெட்ஜமன் போன்றவர்கள் குரல் கொடுத்ததில், 1967-இல் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். பெட்ஜமனுக்கு ஸ்டேஷனுக்குள்ளேயே ஒரு சிலை இருக்கிறது. தொப்பியைப் பிடித்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். 1980-களில் ஆபீஸும் காலியாயிற்று. மறுபடி ஓட்டலாகத் திறந்தது 2011-இல்தான். 76 வருஷம் அந்த மாளிகையில் ஒரு விருந்தாளிகூடத் தங்கவில்லை.

இனி சவாய். இது திறந்தது 1889-இல், அதாவது மிட்லண்ட் கிராண்டுக்குப் பதினாறு வருஷம் கழித்து. கட்டியவர் ரிச்சர்ட் டாய்லி கார்ட் என்ற நாடக முதலாளி. கில்பர்ட், சலிவன் என்ற இருவர் எழுதி இசையமைத்த நாடகங்களை நடத்திச் சம்பாதித்த பணம் அது. (இந்த கில்பர்ட் வேறு, நம் ஸ்காட் வேறு.) பக்கத்திலேயே இருந்த தன் சவாய் தியேட்டருக்கு 1881-லேயே முழுவதும் மின்விளக்குப் போட்டவர் அவர். அதே போல் ஓட்டலுக்கும் மின்சாரம் கொண்டுவந்தார், லிஃப்ட் வைத்தார், எந்நேரமும் வெந்நீரும் தண்ணீரும் வரக் குழாய் போட்டார், அந்தக் காலத்தில் யாரும் நினைக்காத எண்ணிக்கையில் குளியலறைகளைக் கட்டினார். நிர்வாகத்துக்கு செஸார் ரிட்ஸ், சமையலுக்கு எஸ்காஃபியே என்று பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இருவரையும் அழைத்து வந்தார்.

ஆக, ஒரு பக்கம் செதுக்கு வேலை மிகுந்த மாளிகை. மறு பக்கம் குழாயில் வெந்நீர். காலம் எதை ஏற்றுக்கொண்டது என்று பார்த்துவிட்டோம். சவாய் போர்க் காலத்தையும் தாண்டி நடந்தது. 2007 கடைசியில் பெரிய மராமத்துக்காக மூடி, 2010-ஆம் வருஷம் அக்டோபர் 10-ஆம் தேதி மறுபடி திறந்தார்கள். தண்ணீர் யார் தலையிலும் ஏறாமல் மாடிக்கு வர வேண்டும் என்று முதலில் யோசித்தவனே ஓட்டல் தொழிலைப் புரிந்துகொண்டவன் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதெல்லாம் பழங்கதை. இன்று இரண்டு இடத்திலும் அறைக்குள்ளேயே குளியலறை, இரண்டு இடத்திலும் கண்ணைப் பறிக்கும் வசதி. அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? இங்கேதான் நாம் காகிதமும் பென்சிலும் எடுக்க வேண்டும்.

முதலில் மணிக் கணக்கு. இரண்டு இரவு என்றால் இரண்டு முழு நாள் என்று நினைக்கிறோம். இத்தகைய ஓட்டல்களில் பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் அறை கொடுப்பார்கள். மூன்றாம் நாள் நண்பகலில் காலி செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கையில் இருப்பது 45 மணி நேரம். அதில் தூக்கத்துக்கு 16 மணி. லண்டன் வந்துவிட்டு அரண்மனை, அருங்காட்சியகம் என்று பகல் முழுவதும் சுற்றினால் இன்னொரு 15 மணி வெளியே போய்விடும். அறையில் விழித்துக்கொண்டு உட்காரும் நேரம் பதினாலு மணிதான். அவ்வளவு வாடகையும் இந்தப் பதினாலு மணிக்குத்தான். வெளியே சுற்றுவதே நோக்கம் என்றால் இரண்டு ஓட்டலும் வேண்டாம். சாதாரண விடுதி போதும்.

இரண்டாவது, ஓட்டலின் பெயர் வேறு, நமக்குக் கிடைக்கும் அறை வேறு. செயின்ட் பேங்க்ராஸில் மொத்தம் 245 அறைகள். ஸ்காட் கட்டிய பழைய மாளிகைக்குள் இருப்பவை 38 மட்டுமே. மற்றவை பின்பக்கத்தில் ஸ்டேஷனை ஒட்டிப் புதிதாகக் கட்டிய பகுதியில் இருக்கின்றன; அதற்குப் பார்லோவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். புதிய அறைகள் நன்றாகவே இருக்கலாம். ஆனால் முகப்புப் படத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிறவர் கூர்மாடத்துக்குள் படுக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனால், புதுக் கட்டடத்தில் கண் விழிப்பார். சவாயிலும் அப்படியே. நதியைப் பார்த்த அறைகளும் உண்டு, நதியே தெரியாத அறைகளும் உண்டு. விலை வித்தியாசம் அதில்தான். நதி தெரியாத அறையில் படுத்துக்கொண்டு நதிக்கரை ஓட்டலுக்குப் பணம் கொடுப்பது, ஜன்னலில்லாத பெட்டியில் உட்கார்ந்து மலைப்பாதைக்கு டிக்கெட் வாங்கியது போல. ஆகவே "எந்த ஓட்டல்?" என்பதோடு நிற்காமல், "எந்தப் பக்கத்து அறை?" என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, அந்த இடத்திலிருந்து நாம் எங்கே போகப் போகிறோம் என்பது. மறுநாள் அதிகாலையில் பாரிஸுக்கோ, லெஸ்டருக்கோ ரயில் பிடிக்க வேண்டும், கையில் நாலு பெட்டி, முழங்காலில் வலி என்றால் செயின்ட் பேங்க்ராஸுக்கு இணை கிடையாது. படுக்கையிலிருந்து பிளாட்ஃபாரம் வரைக்கும் ஒரே கூரை. பழைய கால ரயில்வே ஓட்டலின் அர்த்தமே அதுதான். மாலையில் நாடகம் பார்க்க வேண்டும், நதிக்கரையில் காலார நடக்க வேண்டும் என்றால் சவாய்தான் வசதி.

இவ்வளவையும் எழுதி வைத்துக்கொண்டு என் சகதர்மிணியிடம் போனேன். அவளும் முதலில், "உங்களுக்கு எது பிடிக்குதோ அது" என்றுதான் ஆரம்பித்தாள். அந்தப் பதில் செல்லாது, காரணத்தோடு சொல்ல வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏங்க, இருபத்தெட்டு வருஷம் ரயில்வே காலனியிலே குடித்தனம் பண்ணியாச்சு. லண்டனுக்குப் போயும் ஸ்டேஷன்லேயேதான் படுக்கணுமா?" என்றாள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இகத்புரியில் நாங்கள் குடியிருந்தபோது, கசாரா மலைப்பாதையில் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றிவிட்டு வரும் பாங்கர் என்ஜின்களின் சத்தத்தில்தான் எங்கள் பெண் தொட்டிலில் தூங்கினாள். நடு ராத்திரியில் கதவைத் தட்டி, "சாப், லைன் மே பத்தர் கிரா ஹை" என்று கேங்மேன் கூப்பிட்டால் நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். விடியும்வரை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். எனக்கு ரயில் சத்தம் வேலை. அவளுக்கு அது காத்திருப்பு. ஒரே சத்தம்தான், கேட்ட காது இரண்டு.

"அப்போ உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தொட்டி நிறைய வெந்நீர். யாரும் கதவைத் தட்டாமல் ஒரு மணி நேரம். காலையில் எழுந்து, தலை வாராமல், உடை மாற்றாமல், ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு காப்பி. படுக்கையை வேறு யாராவது மடித்துப் போட வேண்டும். அவ்வளவுதான். கோடை வந்தால் விடியற்காலையில் எழுந்து குடம் குடமாய்ப் பிடித்து நிரப்பி வைத்த காலமெல்லாம் எங்களுக்கு உண்டு. தண்ணீரைத் தூக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறாள்.

அப்போதுதான் இந்தத் தேர்வுக்கான விதி எனக்குத் தெளிவாயிற்று. செயின்ட் பேங்க்ராஸில் நான் விரும்புவது எல்லாம் காசில்லாமலே கிடைக்கிறது. பார்லோவின் கூரையை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், டிக்கெட்கூட வேண்டாம். பெஞ்சில் உட்கார்ந்து கர்டரின் ரிவெட்டை எண்ணிக்கொண்டிருந்தால் யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். பழைய புக்கிங் ஆபீஸ் கூடத்தை ஓட்டலின் சிற்றுண்டிச் சாலையாக மாற்றியிருக்கிறார்கள். ஒரு தேநீருக்குப் பணம் கொடுத்தால் அதற்குள்ளும் உட்காரலாம். ஸ்காட்டின் முகப்பைத் தெருவில் நின்று பார்ப்பதுதான் அழகு. உள்ளே படுத்திருப்பவனுக்கு அது தெரியவே தெரியாது. அவள் கேட்டது அப்படியல்ல. அந்த ஜன்னலும், அந்தத் தொட்டியும், யாரும் தட்டாத கதவும் அறைக்குப் பணம் கொடுத்தால்தான் கிடைக்கும்.

ஆகவே, காசில்லாமல் கிடைப்பதற்குக் காசைச் செலவழிக்க வேண்டாம். காசு கொடுத்தால்தான் கிடைப்பது எதுவோ அதற்குக் கொடுப்போம். எங்கள் வீட்டில் சவாய் என்று முடிவாயிற்று, நதி பார்த்த அறை என்ற நிபந்தனையோடு. நகரச் சுற்றுலாவைக் குறைத்துக்கொண்டு, பதினாலு மணியை இருபது மணி ஆக்கவும் உத்தேசம்.

"நதியையும்தான் கரையில் நின்று சும்மா பார்க்கலாமே, அதற்கு எதற்கு இவ்வளவு பணம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஓட்டலுக்கும் நதிக்கும் நடுவில் இருக்கும் பூங்காவில் எவரும் போய் உட்காரலாம். ஆனால் நைட்டியோடு உட்கார முடியாது. ஊர் பார்க்க வந்தவளாக இல்லாமல், வீட்டில் இருப்பவளாக உட்கார்ந்து நதியைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. கரையில் நிற்கிறவளுக்குக் கூடவே குடையும் கைப்பையும், அடுத்து எங்கே போவது என்ற கவலையும் இருக்கும்.

இன்னொருவர், "ஒரு ராத்திரி தூங்க இவ்வளவா? காந்திஜி பிறந்த தேசத்தவர் செய்கிற காரியமா?" என்றார். காந்திஜியே 1888-இல் படிக்கப் போனபோது லண்டனில் முதலில் இறங்கியது விக்டோரியா ஓட்டலில்தான். இன்று சவாய் இருக்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரம். அங்கே லிஃப்டைப் பார்த்து, அதுவும் ஒரு அறை என்று நினைத்துக்கொண்டாராம். மூன்று பவுன் பில் வந்தபோது திடுக்கிட்டுப் போனார். அங்கே எந்தச் சாப்பாடும் அவருக்கு ஒத்துக்கொள்ளாததால் பட்டினி வேறு. 1931-இல் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனபோது, கிழக்கு லண்டனில் தொழிலாளர்கள் குடியிருக்கும் பகுதியில் கிங்ஸ்லி ஹாலில் தங்கினார். எங்கே தங்குவது என்று யோசித்து, காரணத்தோடு தங்கினார். அந்தக் காரணம் தேசத்தின் காரணம். நம்முடையது சிறிய காரணம். ஆனாலும் காரணம் ஒன்று இருக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. அவர் பட்டினியிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடமும் ஒன்று உண்டு: சைவச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பணம் கொடுக்கிற பிள்ளைகளுக்குச் சிரமம் இருக்கிறதா என்று ஒரு முறை நேராகக் கேட்டுவிட வேண்டும். நான் கேட்டேன். "இல்லப்பா, இதுக்குன்னே எடுத்து வெச்சிருக்கோம்" என்றாள் பெண். அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் விலையைச் சொல்லிச் சொல்லி அங்கலாய்ப்பது, கொடுத்த கையைத் தட்டிவிடுவது போல.

என் பங்குக்கு ரயில் இல்லாமல் போய்விடுமோ என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். சவாயின் நதி பார்த்த ஜன்னலிலிருந்து தெரிவது சேரிங் கிராஸ் ரயில் பாலம். ஜான் ஹாக்ஷா கட்டி 1864-இல் திறந்த பாலம் அது. 1899 முதல் 1901 வரை பிரெஞ்சு ஓவியர் மோனே இதே ஓட்டலில் வந்து தங்கி, மூடுபனியில் அந்தப் பாலத்தையும் அதன்மேல் புகை விட்டுக்கொண்டு போகும் ரயிலையும் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்த இடத்தில் முன்பு புரூனல் கட்டிய தொங்குபாலம் ஒன்று இருந்தது. அதைக் கழற்றியபோது சங்கிலிகளை வீணாக்காமல், பிரிஸ்டலில் பாதியில் நின்றிருந்த கிளிஃப்டன் தொங்குபாலத்துக்குக் கொண்டுபோய்ப் பயன்படுத்தினார்கள். அதைக் கட்டி முடித்த இரண்டு என்ஜினீயர்களில் ஒருவர் ஹாக்ஷா, மற்றவர் நம் செயின்ட் பேங்க்ராஸ் பார்லோ. ஆகவே அவள் நதியைப் பார்க்கும்போது நான் பாலத்தைப் பார்த்துக்கொள்வேன். ஜன்னல் ஒன்றே போதும். இரண்டாம் நாள் காலையில் பாதாள ரயில் பிடித்தால், கோவென்ட் கார்டனிலிருந்து பிக்கடிலி லைனில் மூன்றாவது நிறுத்தம் கிங்ஸ் கிராஸ் செயின்ட் பேங்க்ராஸ். அவள் தொட்டியில் இருக்கும் ஒரு மணி நேரத்தில் கூரையைப் பார்த்துவிட்டு வர முயல்வேன். தாமதமானால் அவளுக்கு நஷ்டமில்லை.

இப்படி ஒரு வாய்ப்பு வரும் அன்பர்கள் சில விஷயங்களை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அறை எந்தப் பக்கம் பார்த்தது, பழைய கட்டடமா, புதியதா? குளியலறையில் தொட்டி இருக்கிறதா, ஷவர் மட்டுமா? தொட்டியின் விளிம்பு எவ்வளவு உயரம், பிடித்து இறங்கக் கைப்பிடி உண்டா? நம் வயதில் இது சின்ன விஷயமல்ல. காலை உணவு வாடகையோடு சேர்ந்ததா, தனியா? தனி என்றால் வெளியே சாப்பிட்டுக்கொள்ளலாம். காலையில் இட்லிக்குப் பழகிய வயிற்றுக்கு அந்த விலை ஜீரணமாகாது. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்வார்களா? இவற்றைக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. எந்தக் கான்ட்ராக்டிலும் அளவும் தரமும் எழுதி வாங்காமல் நாம் கையெழுத்துப் போட்டதுண்டா?

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பிள்ளைகள் கேட்கும்போது வீட்டில் ஒருவர் மட்டும் பதில் சொல்லி முடித்துவிடுகிறோம். பெரும்பாலும் அது ஆண்பிள்ளையின் பதில். நமக்குச் சரித்திரம் தெரியும், பூகோளம் தெரியும், எந்த ஸ்டேஷனில் எந்த வண்டி என்று தெரியும். ஆனால் முப்பது, நாற்பது வருஷம் நம்மோடு ஊர் ஊராக மாறி வந்தவளுக்கு எங்கே உட்கார்ந்தால் மனசு ஆறும் என்று கேட்டிருக்கிறோமா? "எதுவானாலும் சரி" என்றுதான் அவளும் சொல்வாள். அந்தப் பதிலை ஒப்புக்கொள்ளாமல், இன்னொரு தடவை கேளுங்கள். லண்டனாகவும் இருக்க வேண்டாம், ஐந்து நட்சத்திரமாகவும் இருக்க வேண்டாம். மாத்தேரானில் ஒரு நாள் தங்குவதாக இருந்தாலும், அவள் எந்தப் பக்கத்து ஜன்னலைக் கேட்கிறாள் என்று தெரிந்துகொண்டு அறையைப் பதிவு செய்யுங்கள்.